தாழ் போடாத பின்கதவு

அத்தியாயம் 14

கோந்து பாட்டில் காலி. காலை ஏழரை மணிக்கு, படப்பிடிப்புத் தளத்தின் நீளமான தாழ்வாரத்தில், ஒரு கையில் பெரியக்காவின் நான்கு பக்கங்களும் மறு கையில் சின்னக்காவின் ஐந்து பக்கங்களுமாகத் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஒன்பது மணிக்கு ஷாட்.

இந்தப் படக்குழுவில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோந்து என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்திரண்டு வயது, இருபது வருட அனுபவம், வழுக்கையை மறைக்க ஒரு தொப்பி, ஒப்பந்தத்தில் இணை இயக்குநர் என்ற பதவி, எல்லாம் இருக்கிறது. இருந்தும் கோந்துதான். அதற்குக் காரணம் அவனுடைய இரண்டு அக்காக்கள்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். கதை தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

அக்கா தங்கை இருவருமே சினிமாவுக்கு வசனம் எழுதுகிறவர்கள். அக்காவைப் பெரிய பேனா என்றும் தங்கையைச் சின்ன பேனா என்றும் ஊரே சொல்லும். இரண்டு பேனாக்களும் பேசிப் பதினோரு வருஷமாகிறது. தங்கை எழுதிய முதல் படத்தில் சிரிப்புக்காக ஓர் அம்மா வருவாள். சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போடுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் செருப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வாள். "பாவம், அதுவும் எவ்வளவு நேரம்தான் சுத்தும்" என்று மின்விசிறியை நிறுத்துவாள். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நிஜ அம்மா மட்டும் சிரிக்கவில்லை. செய்தது, சொன்னது எல்லாம் அப்படியே அவளுடையது.

வெளியே வந்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் இவ்வளவு சிரிப்புக்காரின்னு எனக்கே தெரியாதுடீ" என்றாள். இளைய மகளிடம் அவள் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். அக்கா அம்மா பக்கம் நின்றாள். தங்கை அந்த வாரமே, எழுதுகிற மேசையைக்கூட அங்கேயே போட்டுவிட்டு, வீட்டை விட்டுப் போனாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா போய்ச் சேர்ந்தபோது வந்தாள், ஓர் ஓரமாக நின்றாள், யாரோடும் பேசாமல் திரும்பிவிட்டாள்.

ஆனால் அம்மா தன்னை மன்னித்துவிட்டாள் என்று தங்கைக்குத் தெரியும். நமக்கும் தெரியும். பிரிந்திருந்த அந்த வருஷங்களில் அம்மா அவளுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினாள். கண் மங்கிப்போனதால், தினமும் காலையில் ஊசி போட வரும் நர்ஸிடம் சொல்லி எழுதிய கடிதங்கள். 'உன் அக்காவுக்கோ தம்பிக்கோ இது தெரிய வேண்டாம்' என்று அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருக்கும். தங்கை அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். உலகமே அவளை அம்மாவை விற்றவள் என்று சொன்னாலும் அவள் தலை நிமிர்ந்து நடப்பது அந்த டப்பாவின் தைரியத்தில்தான்.

இப்படிப்பட்ட இரண்டு பேரையும் ஒரே படத்தில் மாட்டிவைத்தவர் தயாரிப்பாளர். அதைப் போன வாரம் பார்த்தோம். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் படம் ஊற்றிக்கொண்டது. சேர்ந்து எழுதினால்தான் இனி வேலை என்று சொல்லிவிட்டார். படத்தின் கதையும் அதற்கேற்ற மாதிரி வாய்த்தது. தேர்தலில் இரண்டு கட்சிக்கும் சரிசமமான இடங்கள். ஜென்ம விரோதிகளான இரண்டு தலைவர்களும் சேர்ந்துதான் ஆட்சி நடத்த வேண்டும். ஒரே அறை, நடுவில் பலகைத் தடுப்பு. மின்விசிறியின் சுவிட்ச் ஒருவர் பக்கம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இன்னொருவர் பக்கம்.

டைரக்டர் இதில் ஒரு வேலை செய்தார். ஒரு தலைவர் பேசுவதை முழுக்கப் பெரிய பேனா எழுத வேண்டும். இன்னொரு தலைவர் பேசுவதைச் சின்ன பேனா எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. காட்சியில் என்ன நடக்கிறது என்ற சுருக்கம் மட்டும் இருவருக்கும் வரும். இரண்டையும் வெட்டி, ஒட்டி, ஒரே காட்சியாக்குவது தம்பியின் வேலை. ஒப்புக்கொண்டபோது அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சரி, தாழ்வாரத்துக்கு வருவோம்.

பெரியக்காவின் அறைக் கதவு திறந்தது. அக்காவுக்கு ஐம்பது வயது. தலைமுடியைக் கொண்டை போட்டு அதில் பென்சிலைச் செருகியிருந்தாள்.

"டேய், இங்கே வா. ஒரு சந்தேகம்."

"சொல்லுக்கா. கோந்து இருக்கா உன்கிட்ட?"

"கோந்து கிடக்கட்டும். மூணாவது பக்கத்துல கோடு போட்டிருக்கேன் பாரு. அந்த வரியை நான் ஏற்கெனவே வேற எங்கேயோ எழுதின மாதிரியே இருக்கு. காலையில எழுதும்போது கை தானா ஓடிச்சு. எனக்கு அப்படி ஓடினா பயம். எந்தப் படத்துல வெச்சேன்?"

தம்பி படித்துப் பார்த்தான். அக்காவின் முப்பத்தொரு படங்களும் அவனுக்கு மனப்பாடம். அவள் எழுதிய வசனத்தை அவளே திரும்ப எழுதிவிடாமல் காவல் காப்பது பல வருஷமாக அவன் வேலை.

"இல்லைக்கா. எந்தப் படத்துலயும் இல்லை."

"நிச்சயமா?"

"சத்தியமா. புதுசு. நல்லாவும் இருக்கு."

"நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். பழசான்னுதான் கேட்டேன்" என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அன்றைய கோளாறு.

எதிர் வரிசையில் மூன்றாவது அறை தங்கையுடையது. நாற்பத்தாறு வயது, கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் ஒரு பாட்டிலை நீட்டினாள்.

"கோந்து தேடறேன்னு கேள்விப்பட்டேன். இந்தா. பெரிய பேனா இன்னைக்காவது சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கா, இல்லை வழக்கம்போல உபதேசமா?"

"பார்க்கக் கூடாதுன்னு ரூல் சின்னக்கா. கேட்கவும் கூடாது."

"நான் ஒண்ணும் கேட்கலை. இன்னைக்கு பஞ்ச் என் தலைவருக்குத்தான். நேர்ல வந்து பார்க்கப்போறேன்."

தம்பிக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. அக்கா தளத்துக்கு வரவே மாட்டாள். நடிகர்கள் வசனத்தைக் கடித்துத் துப்புவதைப் பார்த்தால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று டாக்டர் சொன்னாராம். தங்கை அடிக்கடி வருவாள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே இருந்தால் அன்றைக்கு அமைதி.

ஒன்பது மணிக்கு விளக்குகள் எரிந்தன. தடுப்புக்கு இந்தப் பக்கம் பெரிய பேனாவின் தலைவர். வெண்கலம் என்று பட்டப்பெயர் வாங்கிய நடிகர். தொண்டையைச் செருமினாலே நாலு அறை தாண்டிக் கேட்கும். அந்தப் பக்கம் சின்ன பேனாவின் தலைவர். நிதானம் என்பார்கள். முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையாமல் கூட்டத்தை உருள வைக்கிறவர்.

காட்சி இதுதான். அறைக்கு வெளியே இரண்டு கட்சித் தொண்டர்களும் மாறி மாறி 'ஒழிக' போடுகிறார்கள். உள்ளே தலைவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குக் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது. அது வெளியே தெரிந்தால் இரண்டு பேர் பிழைப்பும் போய்விடும். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

தம்பி ஒட்டிய காகிதங்களோடு தடுப்புக்குப் பின்னால் குந்தியிருந்தான். வசனத்தை மெல்ல எடுத்துக்கொடுப்பதும் அவன்தான். டைரக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் டீ கிளாஸோடு தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"ஆக்‌ஷன்!"

வெண்கலம் பலகையில் கை வைத்தார். இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். தம்பி எடுத்துக்கொடுத்தான். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"என் கோபம் வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்குய்யா. அது எழுந்து போற வரைக்கும் நீ இந்தப் பக்கம் வராதே. ஆனா பின்கதவை நான் தாழ் போடலை. அது உனக்குத் தெரிஞ்சா போதும்."

அவ்வளவுதான். மேலே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் வெளிச்சமே ஆடியது. மேக்கப்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கட்! கட்! சிரிக்காதீங்கய்யா. நானே சிரிச்சுட்டேன். இன்னொண்ணு போகலாம்" என்றார்.

தங்கை சிரிக்கவில்லை. முதல் தடவை, தனக்குத்தான் காது ஏதோ செய்கிறது என்று நினைத்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

இரண்டாவது டேக். மறுபடியும் வெண்கலம் மூக்கை உறிஞ்சினார். மறுபடியும் கோபம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. மறுபடியும் பின்கதவு. இந்தத் தடவை நிதானமே தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ நடிப்பில் அவர் டேக்கில் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த வரி தங்கையுடையது. அவளுக்கு வந்தது. அம்மா அனுப்பிய முதல் கடிதத்தின் கடைசி வரி. அதைப் படித்த நாளில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதிருக்கிறாள். அம்மாவுக்கும் அவளுக்கும் நர்ஸுக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத வரி. அதைச் சொல்லித்தான் எண்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

மூன்றாவது டேக். "என் கோபம் வாசல்ல..." என்று வெண்கலம் ஆரம்பித்ததும் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. தம்பி தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். சின்னக்கா நடந்து போய்க்கொண்டிருந்தாள். போகிற வழியில் கேமராவின் குறுக்கே போகிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மேடம்! டேக் போயிட்டிருக்கு மேடம்!" என்று டைரக்டர் கத்தினார்.

தம்பி காகிதங்களைப் போட்டுவிட்டு ஓடினான்.

அவன் தாழ்வாரத்துக்கு வருவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. பதினோரு வருஷமாக நடக்காத காரியம். சின்ன பேனா, பெரிய பேனாவின் அறைக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போய் நின்றாள்.

அக்கா எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். யாரென்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பென்சில் கையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது.

"என் வீட்டுக்கு யாரை அனுப்பினே?" என்றாள் தங்கை.

"என்ன?"

"என் பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்துப் படிக்க யாரை அனுப்பினே? நீயே வந்தியா? நான் அம்மாவைக் கேலிக்கூத்தாக்கிட்டேன்னு பதினோரு வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனவ நீ. இன்னைக்கு நீ என்ன பண்ணியிருக்கே? அம்மா எனக்குன்னு எழுதின வரியை எடுத்து அந்த வெண்கலத்தோட வாயில போட்டிருக்கே. மூணு டேக். மூணு தடவை சிரிச்சாங்க!"

 முதலில் அக்காவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூன்றாவது பக்கம், கோடு போட்ட வரி, கை தானாக ஓடியது, எங்கே எழுதினேன் என்று ஞாபகம் வராதது. 

வாசலில் வந்து நின்ற தம்பி ஒருத்தியைப் பார்த்தான். மற்றொருத்தியைப் பார்த்தான். 

"கதவைச் சாத்துடா" என்றாள் அக்கா. அவன் சாத்தினான். உள்ளே நின்றுகொண்டு சாத்துவதா வெளியே நின்றுகொண்டா என்று ஒரு கணம் யோசித்து, உள்ளேயே நின்றான்.

"கேட்கறேன் இல்லை? எப்போ படிச்சே?"

"படிக்கலை" என்றாள் அக்கா.

"பின்னே?"

"எழுதினேன்."

தங்கை சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தியில்லை. "என்ன எழுதினே?"

"அந்தக் கடிதத்தை. நான் எழுதினேன். நர்ஸம்மாவைக் கெஞ்சி அவங்க கையெழுத்துல எழுத வெச்சேன். அம்மாவுக்குத் தெரியாது."

 தம்பி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். கடிதம் என்று ஒன்று இருந்ததே அவனுக்கு இப்போதுதான் தெரியும். இரண்டு அக்காவுக்கும் நடுவில் இத்தனை வருஷம் ஓடி ஓடிச் சேதி சொன்னவன் அவன். எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு துரும்பு அசையாது என்று பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தான்.

"பொய்" என்றாள் தங்கை. "எனக்கு வலிக்கணும்னு சொல்றே. நல்லா வலிக்குது. போதும். பொய்யின்னு சொல்லிடு."

"உட்காரு."

"நான் உட்கார மாட்டேன்."

"நீ அம்மாவுக்கு மாசம் ஒரு கடிதம் போட்டே. அம்மா ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் படிக்கச் சொல்லலை. தலையணைக்கு அடியில வெச்சுக்குவாங்க. உன் பேரை எடுக்க மாட்டாங்க. நாங்க எடுத்தாலும் எழுந்து போயிடுவாங்க. ஒரு நாள் படுக்கையைத் தட்டிப்போடும்போது ஒண்ணை நான் பிரிச்சுப் பார்த்தேன். 'ஒரு வரி பதில் வரலைன்னா இனிமே பேனாவைத் தொடவே மாட்டேன்'னு எழுதியிருந்தே."

தங்கை நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி அக்காவைப் பார்த்தாள்.

"நீ சொன்னா செய்வே. அது எனக்குத் தெரியும். உன்கூட எனக்குச் சண்டைதான். இப்பவும் சண்டைதான். அதுக்காக நீ எழுதாமப் போயிட்டா, அப்புறம் நான் யாரோட போட்டி போடறது? இங்கே மத்தவனெல்லாம் எழுதறது எழுத்தா?"

மற்ற நாளாக இருந்தால் தம்பிக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்று அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவைன்னுதான் எழுதினேன்" என்று அக்கா தொடர்ந்தாள். "உடனே நீ பதில் போட்டே. எட்டுப் பக்கம். நடுவுல விட முடியலை. வருஷத்துக்கு ஒண்ணு எழுதினேன். நீ கிளம்பி வந்துட்டா குட்டு வெளிப்பட்டுடுமே, அதனால ஒவ்வொண்ணுலயும் 'இப்போ வராதே'ன்னு ஒரு வரி சேர்த்தேன்."

"அப்போ..."  தங்கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அம்மா என்னை மன்னிக்கவே இல்லை."

  முப்பத்தொரு படத்துக்கு வசனம் எழுதியவளுக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

தங்கை அப்போதுதான் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தை யாரோ ஒரே இழுப்பில் அவள் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் 'எங்கம்மா மனசு எனக்குத் தெரியும்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாளே, அந்த அம்மா எதிரில் கொண்டை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நிஜ அம்மா தியேட்டர் வாசலில் கண்ணாடியைத் துடைத்ததோடு போய்விட்டாள்.

"ஏழு கடிதம்க்கா" என்றாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு 'அக்கா' என்று சொன்னதை அவளும் கவனிக்கவில்லை. "ஏழும் நீயா?"

"ஆறு."

"ஏழு."

"நான் எழுதினவ. எனக்குத் தெரியாதா? ஆறு."

"வாங்கினவ நான். எனக்குத் தெரியாதா? ஏழு."

இந்த நிலைமையிலும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. தம்பி பொறுக்க முடியாமல், "ஒவ்வொண்ணா சொல்லேன் சின்னக்கா" என்றான்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். பிஸ்கட் டப்பா வீட்டில் இருந்தால் என்ன? அவளுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். "முதல்ல, பின்கதவு."

"என்னோடது."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, 'உன் இருமல் இங்கே வரைக்கும் கேட்குது'."

"என்னோடது."

"என் ரெண்டாவது படத்தைப் பத்தி, 'இந்தத் தடவை நான் முதல் வரிசையில உட்கார்ந்து சிரிச்சேன்'."

"என்னோடது. அதை எழுதிட்டு ரெண்டு நாள் தூங்கலை."

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. எல்லாவற்றுக்கும் அக்கா தலையை ஆட்டினாள். ஒவ்வொரு தடவை அவள் தலை ஆடும்போதும் தங்கையின் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

"கடைசி ஒண்ணு. அம்மா சாகறதுக்கு மூணு மாசம் முன்னாடி வந்தது. அதுதான் என்னைக் கொன்னுது. மத்த ஆறையும் நம்பி அதை மறக்கப் பார்த்தேன். மூணே வரி." தங்கை அதை மட்டும் வெறுப்போடு சொன்னாள். "'உன் மேசை என் அறையில் இடத்தை அடைக்கிறது. ஆள் அனுப்பாதே. நீ வந்து எடுத்துக்கொண்டு போ.'"

அக்கா தலையை ஆட்டவில்லை.

"இது நான் எழுதலை" என்றாள்.

"அதே கையெழுத்துக்கா. நர்ஸோட கையெழுத்து."

"கையெழுத்து இருக்கட்டும். நான் இவ்வளவு மொட்டையா எழுதுவேனா? அதுலயும், 'நீ வா'ன்னு நான் எப்படி எழுதுவேன்? நீ வந்துடக் கூடாதுன்னுதானே ஆறு கடிதமும்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அதைச் சொன்னவன் தம்பிதான். 

"அம்மாதான் சொல்லியிருக்காங்க. நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, அம்மாவே சொல்லி எழுதச் சொல்லியிருக்காங்க."

"அப்படின்னா அந்த ஆறும் அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா. "அந்த நர்ஸம்மா சொல்லிட்டாங்களா? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா என் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க?"

யாருக்குத் தெரியும்? அம்மா போன மறு மாதமே நர்ஸ் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் யாரோ, "கோந்து! டைரக்டர் கூப்பிடறார்! கோந்து!" என்று கத்திக்கொண்டு போனார்கள். மூன்று பேரில் யாருக்கும் அது காதில் விழவில்லை.

தங்கை மெதுவாகக் கேட்டாள். "நான் மேசையை எடுக்க ஆள் அனுப்பினேன் இல்லை, அன்னைக்கு என்ன நடந்தது?"

"வேண்டாம். விடு."

"சொல்லுக்கா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னைக்குக் காலையில அம்மா என்னைத் தலை வாரிவிடச் சொன்னாங்க. யாராவது வராங்களாம்மான்னு கேட்டேன். பதில் சொல்லலை. பதினொரு மணிக்கு ரெண்டு பேர் வந்து மேசையைத் தூக்கினாங்க. அம்மா சுவரைப் பிடிச்சுக்கிட்டே வாசல் வரைக்கும் நடந்து வந்தாங்க. 'வண்டியில வேற யாரும் இருக்காங்களா பாரு'ன்னாங்க. நான் எட்டிப் பார்த்துட்டு, டிரைவர் மட்டும்தான்னேன். 'நல்லாப் பாரு'ன்னாங்க. நல்லாப் பார்த்தேன். டிரைவர்தான் இருந்தான். அதுக்கப்புறம் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அவங்க சாப்பிடலை. எனக்கு ஏன்னே தெரியலை."

  தங்கை பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"நான் வந்திருந்தேன்க்கா. தெருமுனையில, மருந்துக் கடை வாசல்ல நின்னுட்டிருந்தேன். ஆறு தடவை வராதேன்னு எழுதின அம்மா, ஏழாவது தடவை மேசையை எடுத்துட்டுப் போன்னா, உறவே வேண்டாம்னு சொல்றாங்கன்னு நினைச்சேன். அதான் ஆளை உள்ளே அனுப்பிட்டு, மேசை வெளியே வர்ற வரைக்கும் அங்கேயே நின்னேன்."

அக்கா திரும்பினாள்.

"அம்மா வாசலுக்கு வந்ததைப் பார்த்தேன்" என்றாள் தங்கை. "தலை வாரியிருந்தாங்க."